கை செய்த பிழை

கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் இருக்கும் அம்மா ஒருவர் போன மாதம் என்னிடம் வந்தார். கதிரையில் உட்காருமுன்னரே, "பிள்ளை, எனக்கு மூளை பிசகிப் போச்சோ?" என்று கேட்டார். 2009இல் வன்னியில் காணாமற் போன மகனைப் பற்றி அலுவலகம் ஒன்றில் விண்ணப்பம் கொடுக்கப் போயிருக்கிறார். மேசையில் இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இது பொம்பிளையின்ர நம்பர். மகன்ர நம்பரும் தெரியாமலோ வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றிரவு அவர் கண் மூடவில்லை. "பெத்த தாய் நானே மறந்துபோனன் எண்டால், அவனை வேற ஆர் தேடுவினம்?"

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எமது பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் பிறந்த நாள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு மட்டும் அதனோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். (2016இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இந்த 500 எம்மை விட்டுப் போகவில்லை.) பெப்ரவரி 2ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 033 என்றால், அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 533. மகனின் எண் 86033 என்று தொடங்க வேண்டும். அம்மா எழுதியிருந்தது 86533. எண்களை மாற்றித்தான் இங்கே தருகிறேன். பிழை மட்டும் அப்படியே.

அம்மாவின் சொந்த எண்ணிலும் வருடத்துக்கு அடுத்து வருவது 5. முகாமில், நிவாரண அட்டையில், சோதனைச் சாவடியில், வங்கியில், கிராம உத்தியோகத்தரிடம் என்று எத்தனை தடவை அதை எழுதியிருப்பார்! வருடத்தை எழுதினால் அடுத்தது ஐந்து என்று கை பழகிவிட்டது. மனம் மகனிடம் போயிருந்த அந்த ஒரு கணத்தில் கை தன் பழைய வழியே போய்விட்டது. அவர் எதையும் மறக்கவில்லை.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1970களில் ஒருநாள் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தபோது, பூனை பசியில் கத்தியது. பூனையின் சாப்பாட்டை எடுத்துத் தேயிலைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டார். சிரித்துவிட்டு மறந்துவிடாமல், பலரிடம் அவரவர் அன்றாடத் தடுமாற்றங்களைக் குறித்துவைக்கச் சொல்லி ஆராய்ந்தார். நன்றாகப் பழகிய வேலையிலேயே, கவனம் வேறெங்கோ இழுபடும்போதே இவை நடக்கின்றன என்று கண்டார். 1990இல் வெளிவந்த அவரது நூல் இரண்டு வகைகளை வேறாக்குகிறது. எண்ணியது சரி, செய்கை தவறியது என்பது ஒன்று; எண்ணியதே பிழை என்பது மற்றது. விமானத்துறையிலும் வைத்தியசாலைகளிலும் அவருடைய கருத்துகள் பயன்படுகின்றன. அங்கெல்லாம் 'யார் செய்தது' என்பதோடு நிறுத்தாமல், 'இந்தப் பிழை ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது' என்றும் கேட்கிறார்கள். அம்மாவின் படிவத்தில் எண்ணுக்கென்று கட்டங்கள் இல்லை, வெறும் கோடுதான். இரவல் பேனையால், நின்றபடி, பின்னால் ஆட்கள் நெருக்க எழுதியிருக்கிறார். இதை அந்த மேசைக்காரரும் யோசித்திருக்கலாம்.

பிராய்ட் 1901இல் எழுதிய நூலில், இத்தகைய தடுமாற்றங்களுக்குப் பின்னால் மறைந்த விருப்பம் இருக்கிறது என்றார். படிக்கும் காலத்தில் எனக்கு அது கவர்ச்சியாக இருந்தது. ஆனால் இந்த அம்மாவை வாட்டியதும் அதே எண்ணந்தான்: உள்மனம் மகனைக் கைவிட்டுவிட்டதோ? பழகிய கையின் கதை கண்முன்னே இருக்கும்போது, அந்த விளக்கத்தைத் தூக்கி ஒரு தாயின் தலையில் வைக்க நான் தயாரில்லை.

வெள்ளவத்தையில் நாங்கள் கூடும் பெண்கள் வட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்தோம். ஒருவர் தேநீருக்கு உப்புப் போட்டதைச் சொன்னார். இன்னொருவர் பூட்டிய கதவைப் பார்க்க மூன்று தரம் படியேறுகிறார். காஸ் அடுப்பை அணைக்க மறக்கும் ஓர் அக்கா, அடையாள அட்டையை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை என்றார். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்களே, அப்போது அவர் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தவர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனால் அவருடைய அட்டை இன்றும் தலையணைக்குக் கீழேதான். காவலுக்கே கவனத்தின் பெரும்பங்கு போய்விட்டால், அடுப்புக்கு எவ்வளவுதான் மிஞ்சும்? யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தந்த உளக்காயங்களைப் பற்றி 'மனவடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். அத்தகைய காயத்தில் கவனக் குறைவும் மறதியும் வழமையாகக் காணப்படுபவை. நித்திரையின்மை அவற்றைக் கூட்டிவிடும். மறதி நாளாந்தம் கூடிக்கொண்டே போனால், வழி தடுமாறினால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

போன கிழமை அம்மா திருத்திய விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மகனின் அட்டைப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, மூன்று மூன்று இலக்கமாக விரலால் மறைத்து எழுதினாராம். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் வாசித்துப் பார்க்கச் சொன்னாராம். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"இண்டைக்குக் காலமை சோறும் அடிப்பிடிச்சுப் போச்சு பிள்ளை. அதுக்கு என்ன சொல்லுறீர்?"