சீனர் மீது ஏன் இந்தச் சந்தேகம்?

பிட்காயின் சுரங்கம் சீனர் கையில் இருந்ததே ஆபத்து என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. 2019 செப்டம்பரில் உலகின் பிட்காயின் சுரங்கக் கணினித் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனாவில் இருந்தது உண்மை. சுரங்கத் தொழிலை அங்கே இழுத்தது மலிவான மின்சாரம். மழைக்காலத்தில் சிச்சுவானின் உபரி நீர்மின்சாரம். வறண்ட மாதங்களில் இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போனால் ஷின்ஜியாங்கின் நிலக்கரி மின்சாரம். லாபம் தேடும் எவரும் இதைத்தான் செய்வார்கள்.

பாதிக்கு மேல் திறன் ஒரே கையில் குவிந்தால் பரிவர்த்தனைகளை முடக்கலாம், செலவழித்த காசையே மறுபடி செலவழிக்கலாம். அந்த அச்சம் எனக்கும் உண்டு. அது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இந்த வாதத்தை முன்வைப்பவர்களே, சீன அரசு சுரங்கத்தைக் கைப்பற்றும் என்றீர்கள். 2021இல் அது தடைவிதித்து விரட்டியது. உடனே அமெரிக்கா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெற்று முதலிடம் பிடித்தது. அமெரிக்கர்மீது ஏன் உங்களுக்கு அதே சந்தேகம் வரவில்லை? பதில் சொல்லுங்கள்.