டிரான்ஸ்பாண்டர் வந்தாலும் கையில் ஒரு வாக்கி வேண்டும்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். இப்போது நிலைமை மாறி வருகிறது. ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

நல்ல திட்டம்தான். ஆனால், அதன் வேலை செயற்கைக்கோள் வழியே கரைக்குத் தகவல் அனுப்புவது. படகு கவிழ்ந்தால் உங்களிடம் முதலில் வந்து சேரக்கூடியது பக்கத்துப் படகுதான். அதைக் குரல் கொடுத்து அழைக்க, கையடக்க விஎச்எஃப் கருவி வேண்டும்.

கடையில் வாட் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். 5 வாட் போதும். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், ஆன்டெனாவின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு ஃபைபர் படகுகளுக்கு இடையே 10 கி.மீ. கிடைத்தாலே அதிகம். பெட்டியில் 40 கி.மீ. என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்!

பணத்தைத் தண்ணீர் பாதுகாப்புக்குச் செலவிடுங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் மிதக்கும் என்று பொருளல்ல. மிதக்குமா என்று தனியாகக் கேளுங்கள். சாதாரண பென்டார்ச் பேட்டரியும் போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஜிபிஎஸ்ஸும் அவசரப் பொத்தானும் உள்ள டிஎஸ்சி ரகம் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும், விலைதான் கூடுதல்.

16-வது சேனல் இல்லாத மலிவான வாக்கி டாக்கி கடலுக்கு உதவாது. உரிமம் பற்றி மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.