ஆங்கிலம் போடும் சத்தம்

பள்ளிக்கூடத்தில் ஆங்கில மரபுத்தொடர்களை எப்படிப் படித்தோம்? இடது பக்கம் தொடர், வலது பக்கம் அர்த்தம். ராத்திரி மனப்பாடம், மறுநாள் பரீட்சை, அதற்கு மறுநாள் மறதி! இந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல, சத்தம் சம்பந்தப்பட்ட சில சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுலபமானது. தமிழில் 'சத்தம்' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் நிறைய சமாளித்து விடுகிறோம். மணிச் சத்தம், வண்டிச் சத்தம். 'அப்பா சத்தம் போட்டார்' என்றால் திட்டினார் என்று பொருள். ஆங்கிலத்தில் காதில் விழுவதெல்லாம் 'சவுண்ட்'; அதில் நமக்கு வேண்டாதது 'நாய்ஸ்'. பக்கத்து வீட்டில் அலறும் பாட்டு அவர்களுக்கு மியூசிக், பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு நாய்ஸ். அதேபோல 'ரீட் அலவுட்' என்றால் வாய்விட்டுப் படி, அவ்வளவுதான். உரக்க என்று சொல்ல 'லவுட்லி' இருக்கிறது. இரண்டுக்கும் 'சத்தமாக' என்றே எழுதிவைத்துப் படித்தால், வாசிக்கச் சொன்னதும் தொண்டை கிழியக் கத்தத்தான் தோன்றும்.

அடுத்தது 'ஸ்டென்டோரியன்'. அகராதியில் 'மிக உரத்த' என்று இருக்கும். ஸ்டென்டர் என்பவன் ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் போரில் வரும் கிரேக்க வீரன். ஐம்பது பேர் சேர்ந்து எழுப்பும் சத்தம் அவன் ஒருவன் குரலில் இருந்ததாம். இது தெரிந்தால், இந்தச் சொல்லை மேடையில் கணீரென்று பேசுகிறவருக்குத்தான் போடுவோம், அழுகிற குழந்தைக்குப் போட மாட்டோம்.

'இடியைத் திருடுவது' என்றும் ஒரு தொடர் உண்டு. 1709-ல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜான் டென்னிஸ் என்பவரின் நாடகம் நடந்தது. மேடையில் இடிச் சத்தம் எழுப்ப அவர் ஒரு புது வழி செய்திருந்தார். நாடகம் ஓடவில்லை. பிறகு அங்கே மேக்பெத் நாடகம் பார்க்கப் போனவர், தன்னுடைய இடியே அதில் முழங்குவதைக் கேட்டுக் கொதித்துப்போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒருவருக்குச் சேர வேண்டிய பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதற்கு இந்தத் தொடர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆனால் எல்லாக் கதையும் சிரிக்கக்கூடியது அல்ல. கூச்சலும் குழப்பமுமாக இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'பெட்லம்' என்பார்கள். அது பெத்லெம் என்ற பெயரின் பேச்சுவழக்கு. 1247-ல் லண்டனில் தொடங்கி, பின்னாளில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையாக மாறிய இடம் அது. 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஊர்க்காரர்கள் பொழுதுபோக்காகப் போய் நோயாளிகளை வேடிக்கை பார்த்தார்கள். 1770-ல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. ஆக, நாம் விளையாட்டாகச் சொல்லும் 'பெட்லம்', வேதனையில் இருந்த மனிதர்கள் போட்ட சத்தம்! வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரத்துக் கும்மாளத்துக்கு இந்தச் சொல் வேண்டுமா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்லவில்லை. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று நாமும்தானே சொல்கிறோம்? காது நன்றாகக் கேட்டும் கவனிக்காதவன் ஒருவன். பழி விழுவது காது கேளாதவர் மேல். ஆங்கிலத்திலும் சொன்ன பேச்சு 'செவிட்டுக் காதில் விழுந்தது' என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே தவறைச் செய்திருக்கின்றன.

'மார்க் வாங்கினால் போதாதா? ஆயிரம் தொடருக்கும் கதை தேடிக்கொண்டிருக்க முடியுமா?' என்று கேட்கலாம். ஆயிரத்துக்கும் வேண்டாம். பாடத்தில் வரும் இருபதில் ஐந்துக்குத் தேடினாலே போதும், அந்த ஐந்தும் மறக்காது. அர்த்தம் மட்டும் படித்தவனுக்குச் சொல் தெரியும். கதையும் படித்தவனுக்கு அதை எங்கே சொல்லலாம், யார் முன்னால் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 'எங்கிருந்து வந்தது?' என்று அதற்குத் தலைப்பு வையுங்கள். காலியாக விட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒரு பையனோ பெண்ணோ அதை நிரப்பிக்கொண்டு வருவார்கள்.