வேகம் இருக்கட்டும்... இடுப்பு எப்படி இருக்கு தம்பி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணமங்கலம் பக்கம் போனால், பின்னால் ஜவ்வாது மலை, முன்னால் அறுப்பு முடிந்த ஏதாவது ஒரு நிலம், அதில் நட்ட மூன்று குச்சி, டென்னிஸ் பந்து. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே காட்சிதான். ஒவ்வொரு டீமிலும் ஒரு பையன் இருப்பான். ஒல்லி உடம்பு, நீளமான கை. அவன் ஓடி வர ஆரம்பித்தாலே கீப்பர் நாலடி பின்னால் போய்விடுவார். ‘இவன் மட்டும் மெட்ராஸ்ல பொறந்திருந்தா கதையே வேற’ என்று வரப்பில் உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அந்த மாமா சொல்லும் மெட்ராஸில் நிஜமாகவே ஓர் இடம் இருக்கிறது. சேத்துப்பட்டில், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப்பள்ளி மைதானத்தில் இயங்கும் எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன். இந்தியாவில் ஃபாஸ்ட் பௌலர்களே இல்லை என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த 1987-ல் ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலிய ஜாம்பவான் டென்னிஸ் லில்லி வருடத்தில் சில முறை வந்து சொல்லிக் கொடுப்பார். அன்றாடப் பயிற்சியைக் கவனித்தவர் இந்தியாவுக்காக ஆடிய டி.ஏ.சேகர். 14 வயதில் ஃபாஸ்ட் பௌலர் ஆகும் ஆசையோடு வந்த சச்சின் டெண்டுல்கரை, ‘நீ பேட்டிங்கைப் பார்’ என்று திருப்பி அனுப்பியதும் இங்கேதான். கிரிக்கெட் பார்க்காத பாட்டிகளுக்குக்கூட அந்தக் கதை தெரிந்திருக்கும். அதனால் அதை விட்டுவிடலாம்.

தேர்வானவர்களைப் பார்ப்போம். மைசூரின் ஸ்ரீநாத், மகாராஷ்டிராவில் ஸ்ரீராம்பூர் என்ற சிற்றூரின் ஜாகீர் கான், பரோடாவின் இர்பான் பதான், குஜராத்தில் இகார் கிராமத்தின் முனாஃப் படேல். இலங்கையின் சமிந்த வாஸும் இங்கே பயிற்சி எடுத்தவர்தான். 1990-களின் தொடக்கத்தில் மாணவனாக வந்து போன ஆஸ்திரேலியப் பையன் கிளென் மெக்ராத், 2012-ல் லில்லியின் இடத்துக்கே இயக்குநராக வந்து சேர்ந்தார். பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமான இடம் இல்லை என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே புரியும்.

கேம்ப் என்றதும் ‘இன்னும் பத்து கிலோமீட்டர் வேகம் ஏற்றி விடுவார்கள்’ என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். வேகம் பெரும்பாலும் பையனோடு கூடவே வருவது. அந்த வேகத்தை அவன் உடம்பு பத்து வருடம் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி. லில்லிக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் டூரில் அவருடைய முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. வாரக்கணக்கில் உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் கட்டு. ‘இத்தோடு சரி’ என்று எழுதியவர்கள் உண்டு. உடம்பைத் திரும்பக் கட்டி, பந்து வீசும் முறையைத் திருத்திக்கொண்டு 1974-75 ஆஷஸ் தொடருக்கு வந்தார். கடைசியில் 70 டெஸ்ட்டில் 355 விக்கெட். பையன்களின் கால் எங்கே விழுகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அப்படிப்பட்டவர் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

முதுகில் என்னதான் நடக்கிறது?

வேகமாக ஓடி வந்து முன்காலை ஊன்றும் அந்த ஒரு நொடியில், உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி மேலே ஏறுகிறது. அதே நொடியில் இடுப்பு பின்பக்கமாக வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திருகவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து கீழ்முதுகு எலும்பின் பின்புறத்தில் இருக்கும் மெல்லிய பாலம் போன்ற பகுதியில் போய் இறங்குகின்றன. ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? அதேதான். ஒரே அடியில் உடைவதில்லை. நூறு நூறு பந்தாகச் சேர்ந்து மயிரிழை விரிசல் விழுகிறது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதுதான்.

டீன் ஏஜில் இந்த ஆபத்து அதிகம். 16 வயதுப் பையன் ஆறடி வளர்ந்திருக்கலாம், ஆனால் முதுகெலும்பு முழுதாக முற்ற இருபது வயதுக்கு மேல் ஆகும். இடுப்பு ஒரு திசை, தோள் ஒரு திசை என்று திருகிப் போடும் ‘மிக்ஸட் ஆக்‌ஷன்’ இருந்தால் இன்னும் மோசம். யாரும் சொல்லித் தராமல் டி.வி-யைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பையன்களிடம் அந்தத் திருகலைக் கவனித்துச் சொல்ல ஊரில் ஆள் இருப்பதில்லை.

டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. லேசான பந்தை இறுக்கமான தரையில் வேகமாகப் போட்டுப் பழகிய பையன், திடீரென்று ஒரு செலக்‌ஷனுக்காக லெதர் பந்தைக் கையில் எடுத்து ஒரே வாரத்தில் நாள் முழுக்கப் போட்டுத் தள்ளுகிறான். எடையும் கூடுகிறது, எண்ணிக்கையும் கூடுகிறது. மெதுவாக ஏற்ற வேண்டியதை ஒரேயடியாக ஏற்றினால் உடம்பு என்ன செய்யும்?

டென்னிஸ் பந்திலிருந்து வந்தவர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார். ஆனந்தம் கொஞ்ச நாள்தான். அவருடைய ஆக்‌ஷன் மீது சந்தேகம் கிளம்பியது. ஊரில் அத்தனை வருடம் போட்ட பந்தை மறந்துவிட்டு, முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டோர் உதவியோடு ஆக்‌ஷனை அடியிலிருந்து மாற்றினார். அப்புறம்தான் டி.என்.பி.எல், 2017 ஐ.பி.எல் ஏலத்தில் 3 கோடி ரூபாய் எல்லாம். நெட் பௌலராகத் தேர்வாகி 2020 நவம்பரில் ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே டூரில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். யார்க்கர்களைப் பேசுகிற அளவுக்கு அந்தத் திருத்தும் காலத்தை யாரும் பேசுவதில்லை. 23 வயதில் கற்றதை மறந்து மறுபடி கற்பது லேசான காரியமா? 13 வயதிலேயே பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த வலியே இருந்திருக்காது. 2023-ல் சின்னப்பம்பட்டியில் அவர் சொந்தமாக மைதானம் திறந்ததை அந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.

இகார் முனாஃப் படேல் கதை வேறு மாதிரி. சரியான கேம்ப்பே கிடைத்தது. இந்திய அணிக்குள் நுழைந்தபோது நாட்டின் அதிவேக பௌலர்களில் ஒருவர். காயங்கள் துரத்த, வேகத்தைக் குறைத்து லைன், லெங்த்துக்கு மாறினார். அந்த மாறிய முனாஃப்தான் 2011 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். பும்ராவைச் சொல்லவே வேண்டாம். 2019-ல் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், 2022 டி20 உலகக் கோப்பையில் ஆட முடியாத நிலை, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன். கோடிகளில் செலவழித்துப் பாதுகாக்கப்படும் முதுகுக்கே இந்தக் கதி.

எண்ணிக் கொடுக்கும் நாடுகள்

அமெரிக்காவில் இதே வயதுப் பையன்களுக்குப் பந்து எறிவதுதான் உலகம். அவர்கள் ஃபுட்பாலில் முட்டை வடிவப் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துபவர் குவார்ட்டர்பேக். பள்ளி மாணவர்களில் சிறந்த குவார்ட்டர்பேக்குகளைச் சலித்தெடுக்க ‘எலைட் 11’ என்று ஒரு கேம்ப் 1999 முதல் நடக்கிறது. அங்கேயும் எறியும் கையோடு சேர்த்துக் கால் வைக்கும் விதத்தைத்தான் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். பேஸ்பாலில் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்கிறது அவர்களுடைய ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி.

கிரிக்கெட்டிலும் உண்டு. இங்கிலாந்து வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு இது: 13 வயது வரை ஃபாஸ்ட் பௌலருக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12. 16, 17 வயதில் 7, 18. நம் ஊர் ஓப்பன் டோர்னமென்ட்டில் ஒரு மேட்ச்சில் ஒரு பௌலருக்கு இரண்டு ஓவர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே நாளில் நாலு மேட்ச், காலையில் வார்ம்-அப் என்ற பெயரில் நாற்பது பந்து, முந்தின நாள் ஸ்கூல் டீம், மறுநாள் கோச்சிங் சென்டர். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் குறைவு. மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. வயது மோசடியைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கும் இந்திய வாரியத்துக்கு, ஊரில் பையன் எத்தனை பந்து போட்டான் என்று தெரிய வழியே இல்லை. அந்தக் கணக்கு வீட்டில்தான் இருக்க வேண்டும். அம்மாவோ அக்காவோ காலண்டரில் அன்றைக்குப் போட்ட பந்துகளைக் குறித்து வைத்தால் போதும். பால் கணக்கு எழுதுவதைவிடச் சுலபம். இந்த வாரத்து எண் போன வாரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வலது கை பௌலருக்கு இந்த வலி பெரும்பாலும் கீழ்முதுகின் இடது பக்கம் வரும். இடது கை என்றால் வலது பக்கம். பந்து போடும்போது வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். அதனால்தான் பையன்கள் வீட்டில் சொல்வதே இல்லை. ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயும்போது அந்த ஒரே இடத்தில் சுரீர் என்கிறதா? தைலம் தேய்த்து அனுப்பாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ தேவைப்படலாம். சீக்கிரம் பிடித்துவிட்டால் சில மாத ஓய்விலேயே பெரும்பாலும் எலும்பு கூடிவிடும். அதற்குள் ஒரு பொங்கல் டோர்னமென்ட் போய்விடலாம், ஒரு செலக்‌ஷனும் போய்விடலாம். அடுத்த வருடமும் செலக்‌ஷன் உண்டு, அப்போது பையனுக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும்.