எரிபந்தத்தைத் தாங்கும் நெல்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் பெரும்போக நெல்லுக்கு எரிபந்தம் என்னும் பூஞ்சண நோய் பழைய எதிரி. மார்கழிக் குளிரில் பனி இலையில் நெடுநேரம் தங்கும்போது பூஞ்சண வித்திகள் முளைத்து உள்ளே இறங்குகின்றன. நடுவில் சாம்பலும் ஓரத்தில் கபிலமுமாகக் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நோய் கதிரின் கழுத்தைப் பிடித்தால் மணி பதராகிவிடும். அந்த இழப்பை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

அதனால்தான் நோயைத் தாங்கும் இனம் வேண்டும். இலங்கையில் 1958இல் வெளியான எச் 4 நெல்லினம், முருங்கக்காயன் 302, இந்தோனேசிய மாஸ் ஆகிய இரு இனங்களை இணைத்துப் பெறப்பட்டது. எரிபந்தத்தைத் தாங்கியது அதன் பெரும் சிறப்பு. ஆனால் எந்த எதிர்ப்பும் நிரந்தரமல்ல. ஒரே மரபணுவை நம்பிய இனத்தைப் பரந்த நிலத்தில் போகத்துக்குப் போகம் விதைத்தால், அதை மீறும் பூஞ்சண வகை பெருகிவிடும். தென்கொரியாவின் தொங்கில் நெல்லினங்கள் 1978இல் அப்படித்தான் வீழ்ந்தன.

யூரியா மிகுந்தால் தாங்கும் இனமும் தளரும். உமிச் சாம்பலின் சிலிக்கன் இலைத்தோலை உறுதியாக்கும். இவற்றைவிட முக்கியமானது, ஒரு வெளி முழுவதும் ஒரே இனத்தை விதைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது. விதைநெல் விநியோகமும் அதற்கு இடம் தரவேண்டும். சீனாவின் யுன்னானில் இனங்களைக் கலந்து நட்ட வயல்களில், எளிதில் நோய்ப்படும் நெல்லிலும் எரிபந்தம் வெகுவாகக் குறைந்தது.