யாருக்காகச் சினம்?

தமக்கு வருவதெல்லாம் அறச்சீற்றமே என எண்ணுவார் நம்மிடையே பலர். ஜொகூரில் குளுவாங் முதல் மூவார் வரை, தேவாலயக் குழுவாயினும் பள்ளி வாரியமாயினும், மேசை தட்டும் ஓசைக்குக் குறைவில்லை. சினம் வந்ததா என்பதன்று வினா. எதன்பொருட்டு வந்தது என்பதே வினா.

தஞ்சை வேதநாயக சாத்திரியாரை (1774–1864) எடுத்துக்கொள்வோம். சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். சரபோசி மன்னரின் இளமைத் தோழர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய பெரும்புலவர். 1829இல் அவர் இளம் பாதிரிமார்மீது சீறி எழுந்தார். தமிழிசைப் பாடல்களைக் கோயிலில் பாடலாகாது என்றனர் அவர்கள். மங்கல நாளில் பூமாலை கூடாதென்றனர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்ற முற்பட்டனர். தமிழ் கற்பிக்கும் எவரும் அச்சினத்தை வணங்குவர். ஆனால் அதே மூச்சில் மற்றொரு கொடுமையென அவர் குறித்தது யாது? எல்லாச் சாதியாரையும் கோயிலில் ஒன்றாக அமர்த்தியது! தமிழிசையை அடக்கிய செருக்கும், தாழ்த்தப்பட்டோர் பெற்ற இருக்கையும் அப்பெரும்புலமைக்கு ஒரே நிறையாகத் தோன்றின. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையை விலக்க ஆணையிட்டபோது, வேளாளக் கிறித்தவர் பலர் வெளியேறினர். கோயிலைத் துறந்தனர், சாதியைத் துறந்தாரில்லை.

சாத்திரியார் பாடிய இயேசுவும் சினந்தவரே. எருசலேம் ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். புறா விற்போரையும் விட்டாரில்லை. புறாவோ, ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழையின் காணிக்கை. சூம்பிய கையனை ஓய்வுநாளில் குணமாக்குவாரோ என வேவுபார்த்தோரைச் சினத்தோடு நோக்கினார். அவர்தம் கல்நெஞ்சுக்காக வருந்தவும் செய்தார் என்கிறார் மாற்கு. தம்மை அறைந்தவனிடமோ, ஏன் அறைந்தாய் என்று கேட்டதோடு சரி.

ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தோருடன் சாதியும் கப்பலேறி வந்தது. லயங்கள் இடிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்த பின்னும், திருமணப் பேச்சில் அது எட்டிப் பார்க்கிறது. அதைக் கண்டு மேசை தட்டுவாரைக் காணோம்! அழைப்பிதழில் தம் பெயர் கீழே அச்சாயிற்று என்று கொதிக்கும் பெரியவர், பிறப்புச் சான்றிதழ் இன்மையால் பள்ளி வாயிலில் திகைத்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்காகக் குரலுயர்த்தியதுண்டா? அதன் தாய் கிழிந்த தாள்களைச் சுமந்துகொண்டு பதிவிலாகாவுக்கு மூன்றாம் முறை செல்லும் நாளில், அழைப்பிதழுக்குக் கொதித்தவர்களுள் உடன் செல்வார் யாவர்?