நோக்கப் பொருளில் செயவென் எச்சம்: தமிழும் டச்சும்

நோக்கப் பொருளை உணர்த்தப் பழந்தமிழில் பல வினையெச்ச வாய்பாடுகள் வழங்கின. தொல்காப்பியம் செய்யிய, செய்யியர், செயற்கு ஆகியவற்றைச் சுட்டுகிறது. நன்னூல் கூறும் பன்னிரண்டு வாய்பாடுகளுள் வான், பான், பாக்கு ஆகியனவும் இடம்பெறுகின்றன. இவை வழக்கு வீழ்ந்தபின், இவற்றின் பணியைச் 'செய' என்னும் எச்சமும் 'செய்வதற்காக' என்னும் வடிவமும் பகிர்ந்துகொண்டன. பின்னதை வீண் நீட்சி என விலக்குவதும், எங்கும் அதனையே எழுதுவதும் ஆகிய இரு போக்குகளும் பொருந்துவன அல்ல.

கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையை வைத்து இரு தொடர்களை அமைத்துப் பார்க்கலாம். 'அணை நிரம்ப மதகை மூடினர்' என்பதில் நிரம்புதல் நோக்கம். 'அணை நிரம்ப மதகைத் திறந்தனர்' என்பதில் அதுவே காரணம். எச்சம் மாறவில்லை, முடிக்கும் வினையே பொருளை வரையறுக்கிறது. ஆனால், 'அணை நிரம்ப நீர்வரத்து கண்காணிக்கப்படுகிறது' என ஓர் அறிவிப்பு அமையின், அணை நிரம்பிவிட்டதா, நிரம்ப வேண்டும் என்பதா என்பது விளங்காது. அணைக்குக் கீழே வாழ்வோர்க்கு இஃது இலக்கண ஐயம் மட்டும் அன்று.

செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். ஏனையவை பிற வினைமுதலின் வினையையும் ஏற்கும் என்பது தொல்காப்பிய நெறி. 'செய' பெற்ற இவ்வுரிமையே அதன் வளம். மேற்கண்ட மயக்கத்திற்கு இடமளிப்பதும் அதுவே.

டச்சு மொழி இவ்விடத்தில் வேறு வழியை மேற்கொள்கிறது. அங்கு நோக்க எச்சத்தொடர் 'ஓம்' என்னும் சொல்லால் தொடங்கும். 'தெ' என்பது வினையின் முன் நிற்கும். இத்தொடருக்கும் முதன்மைத் தொடருக்கும் பொதுவாக வினைமுதல் ஒன்றே. வினைமுதல் வேறாயின், 'ஒப்தாத்' என்னும் இணைப்புச்சொல்லுடன் முற்றுவினைத் தொடர் வரும். ஆயினும், 'போ', 'வா' என்னும் பொருளுடைய வினைகளோடு அச்சொற்கள் இன்றி எச்சம் மட்டுமே வருதலும் உண்டு. தமிழின் 'உண்ண வந்தான்' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

எனவே, வினைமுதல் ஒன்றாகி, முடிக்கும் வினை இயக்கத்தைக் குறிக்குமிடத்துச் 'செய' போதுமானது: 'புளி விற்கக் கச்சிராயபாளையம் வந்தனர்'. வினைமுதல் வேறுபட்டு, முடிக்கும் வினையும் பொருளைத் தெளிவிக்காதவிடத்துச் 'செய்வதற்காக' என்பதே தகும். வாய்பாடுகளை மனனப் பட்டியலாக மட்டும் பயிற்றாது, காரணம், உடனிகழ்ச்சி, நோக்கம் என்னும் பொருள் வேறுபாடுகளுடன் பயிற்றுதல் இன்றைய இலக்கணக் கல்விக்கு இன்றியமையாததாகும்.